ராப் ஆல்பங்கள்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இசை படித்தவன் இல்லை. வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஹிப்-ஹாப் ஆல்பங்கள், அதாவது தாளத்தோடு வரிகளைப் பேசிக்கொண்டு போகும் ராப் பாட்டுகளின் தொகுப்புகள் என்றால் உயிர். கேட்டதைப் பற்றி நாலு பேரிடம் பேசவும் பிடிக்கும், பேசினால் கேள்விகள் வரும். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாமே என் சொந்தக் கருத்துதான்.

இசை தெரியாத ஒருவர் ஓர் ஆல்பத்தை நல்லது, சுமார் என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஆல்பங்கள் கேட்பவர்களுக்காகத்தான் செய்யப்படுகின்றன. கேட்கிறவனுக்குக் கருத்து இருக்கக் கூடாது என்றால் வேறு யாருக்கு இருக்கும்?

என் அளவுகோல் ஒன்றுதான். முதல் பாட்டில் ஆரம்பித்து, அவர்கள் வைத்த வரிசையிலேயே, கடைசிப் பாட்டு வரை கேட்க முடிகிறதா? கேட்டு முடித்தபின் தனிப் பாட்டுகளில் கிடைக்காத ஏதோ ஒன்று அந்த முழுமையில் கிடைக்கிறதா? பத்து நல்ல பாட்டுகளை அடுக்கி வைத்தால் அது ஆல்பம் ஆகிவிடாது. எது முதலில் வருகிறது, எதற்குப் பின் எது வருகிறது, எங்கே மூச்சு விட இடம் கிடைக்கிறது, எங்கே முடிகிறது என்பதிலும் கலை இருக்கிறது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதையே சுற்றிச் சுற்றி வரும்.

ஹிப்-ஹாப்பே கேட்டதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்தில் இருந்துதான் ஹிப்-ஹாப்பின் பிறப்பைக் கணக்கிடுகிறார்கள். அதற்காக அங்கிருந்து வரிசையாகக் கேட்டுக்கொண்டு வர வேண்டாம், அலுத்துவிடும். நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது 1998-இல் வந்த 'தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்'. ராப் பழகாத காதுக்கும் அதில் பிடித்துக்கொள்ள நிறைய உண்டு. பாதிக்குப் பாதி பாடல், மீதி ராப், இரண்டையும் ஒரே பெண் செய்கிறார். அப்போது அவருக்கு வயது 23.

ஆல்பம் ஒரு வகுப்பறையில் தொடங்குகிறது. மணி அடிக்கிறது, ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் பதில் வருகிறது. லாரின் ஹில்லின் பெயர் வரும்போது மட்டும் பதில் இல்லை. அவர் வகுப்புக்கு வரவில்லை! பாட்டுகளுக்கு நடுவே அந்த வகுப்பறை திரும்பத் திரும்ப வரும். அன்பு என்றால் என்ன என்று ஆசிரியர் கேட்க, பிள்ளைகள் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அந்த வகுப்பில் இல்லாதவர் அதே பாடத்தை வெளியே அடிபட்டுக் கற்றுக்கொண்டதைத்தான் மற்ற பாட்டுகள் சொல்கின்றன. தன் முதல் குழந்தையைப் பற்றி அவர் பாடும் பாட்டில் கார்லோஸ் சந்தானாவின் கிட்டார் வருகிறது. குழந்தை வேண்டாம், தொழிலைப் பார் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னதையும், அதை மீறித் தான் எடுத்த முடிவையும் அதில் சொல்கிறார். இந்தப் பாட்டை அரை காதோடு என்னால் கேட்க முடிவதே இல்லை.

கிராமியில் 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' விருதை வாங்கிய முதல் ஹிப்-ஹாப் ஆல்பம் இதுதான். இதற்குப் பிறகு அவர் இன்னொரு ஸ்டூடியோ ஆல்பம் தனியாக வெளியிடவே இல்லை.

வரிகள் ரொம்ப வேகமாகப் போகின்றன. ஒன்றும் புரியவில்லையே?

முதல் தடவை புரிய வேண்டியதில்லை. குரலையும் ஒரு தாளவாத்தியமாக நினைத்துக் கேளுங்கள். எந்த இடத்தில் வார்த்தை டிரம்ஸோடு சேர்ந்து விழுகிறது, எங்கே கொஞ்சம் முந்துகிறது, எங்கே வேண்டுமென்றே பின்தங்குகிறது என்பது மொழி தெரியாமலே காதில் விழும். ஃப்ளோ என்கிறார்களே, அது இதுதான். இரண்டாம் தடவை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். மூன்றாம் தடவை அந்தத் தாள் தேவைப்படாது.

'இல்மாட்டிக்' அவ்வளவு பெரிய ஆல்பமா? எல்லாப் பட்டியலிலும் இருக்கிறதே?

ஆமாம், அந்தப் புகழுக்குத் தகுதியான ஆல்பம்தான். ராப்பர் நாஸின் ஆல்பம், 1994 ஏப்ரலில் வந்தது. அப்போது அவருக்கு 20 வயது. நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில் வளர்ந்த பையன், அந்த நாலு தெருவை விட்டு வெளியே போகாமல் முழு ஆல்பத்தையும் எழுதியிருக்கிறார். முன்னுரையையும் சேர்த்து மொத்தம் 10 ட்ராக், 40 நிமிடத்துக்கும் குறைவு. டிஜே பிரீமியர், பீட் ராக், லார்ஜ் புரொஃபசர், க்யூ-டிப் என்று அன்றைக்கு உச்சத்தில் இருந்த புரொட்யூசர்கள் ஆளுக்கு ஒன்றிலிருந்து மூன்று பீட் (ராப்புக்கு அடியில் ஓடும் இசை) கொடுத்திருக்கிறார்கள். பல சமையல்காரர்கள் சேர்ந்து சமைத்த விருந்து ஒரே கைப்பக்குவத்தில் இருப்பது அபூர்வம். இங்கே அது நடந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, சிறையில் இருக்கும் நண்பர்களுக்குக் கடிதம் எழுதுவதுபோல் அமைந்த பாட்டு. வெளியே யார் என்ன ஆனார்கள், அவன் குழந்தை எப்படி இருக்கிறது, யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள் என்று சாதாரணச் சேதிகளாகத்தான் போகும். அறிவுரை கிடையாது. கடைசிப் பகுதியில் கடிதம் நின்று, தெருவில் ஒரு சின்னப் பையனோடு உட்கார்ந்து பேசுவதாக மாறும். அந்தப் பையனுக்கு 12 வயதுதான் இருக்கும். அடுத்த கடிதம் யாருக்குப் போகும் என்பது கேட்கிற நமக்கே தெரிந்துவிடும். இன்னொரு பாட்டின் முடிவில் நாஸின் அப்பா ஓலு தாரா கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) வாசிக்கிறார். அந்தச் சில நொடிகளுக்காகவே அந்தப் பாட்டைத் திரும்பப் போடுவேன்.

கென்ட்ரிக் லமாரின் ஆல்பங்களில் எது சிறந்தது?

இதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. என் பதில் 2012-இல் வந்த 'குட் கிட், மாட் சிட்டி'. 2015-இல் வந்த 'டு பிம்ப் எ பட்டர்ஃபிளை'தான் பெரியது என்று பலர் சொல்வார்கள். அதில் ஜாஸும் ஃபங்கும் சேர்ந்து கொதிக்கின்றன; கமாசி வாஷிங்டன், தண்டர்கேட் போன்றவர்கள் வாசித்திருக்கிறார்கள்; ஒரு கவிதை ஆல்பம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே வந்து கடைசியில் முழுதாகிறது. மறுக்கவில்லை, மகத்தான வேலை. ஆனால் அது என்னை அண்ணாந்து பார்க்க வைக்கிறது. 'குட் கிட்' என்னைக் கூடவே அழைத்துப் போகிறது.

கதை கலிஃபோர்னியாவின் காம்ப்டன் நகரில் நடக்கிறது. ஒரு பையன் அம்மாவின் வேனை எடுத்துக்கொண்டு வெளியே போகிறான். அம்மா வண்டியைக் கேட்டுத் தொலைபேசியில் செய்தி விட்டுக்கொண்டே இருக்கிறார். நடுவில் நண்பர்கள், திருட்டு, அடி, ஒரு சாவு. வரிசை நேராகவும் இல்லை. ஆல்பத்தின் தொடக்கத்தில் கேட்கும் பிரார்த்தனை எங்கே, எதற்காகச் சொல்லப்பட்டது என்பது கடைசிக்குக் கொஞ்சம் முன்னால்தான் தெரியும்.

அந்தப் பிரார்த்தனை வருகிற 12 நிமிடப் பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அதன் முதல் பகுதி செத்துப்போன நண்பனின் அண்ணன் தம்பிகளில் ஒருவன் பேசுவது. உன் ஆல்பம் வருவதற்குள் நான் செத்துவிட்டால் என்று ஏதோ சொல்ல ஆரம்பிக்கிறான். துப்பாக்கிச் சத்தம், பேச்சு அறுந்துவிடுகிறது. பீட் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அடுத்தது ஒரு பெண். கென்ட்ரிக் தன் பழைய பாட்டு ஒன்றில் கதையாகச் சொன்ன பெண்ணின் தங்கை. என் அக்கா கதையைச் சொல்ல நீ யார் என்று கோபப்படுகிறாள். நான் மங்கிப்போக மாட்டேன் என்று அவள் அடித்துச் சொல்லும்போதே அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள், நமக்குத்தான் கேட்கவில்லை. மூன்றாவதாகக் கென்ட்ரிக் தன் குரலில் பேச வருகிறார். ஒரு வால்யூம் பொத்தானைத் திருப்புவதால் இவ்வளவு சொல்ல முடியும் என்று அந்தப் பாட்டைக் கேட்கும்வரை எனக்குத் தெரியாது.

2017-இல் வந்த 'டேம்' ஆல்பத்துக்கு 2018-இல் இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. செவ்வியல், ஜாஸ் தவிர்த்த இசைக்கு அந்தப் பரிசு போனது அதுவே முதல் தடவை. அதன் 14 பாட்டுகளையும் தலைகீழ் வரிசையில் வைத்து அதே வருட இறுதியில் ஒரு சிறப்புப் பதிப்பு வந்தது. இரண்டு வழியாகவும் கேட்டுப் பாருங்கள். நேராகக் கேட்டால் ஒரு மரணத்தில் தொடங்கும், தலைகீழாகக் கேட்டால் அந்த மரணத்தில் போய் முடியும். வரிசை முக்கியம் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

டிரேக்கா, கென்ட்ரிக்கா?

ஆல்பம் என்று வந்தால் கென்ட்ரிக். தனிப் பாட்டுகளில் டிரேக்கின் கைராசி தனி, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். 2024-இல் இருவரும் ஒருவரையொருவர் தாக்கி மாறி மாறி விட்ட டிஸ் பாட்டுகளை எல்லோரையும்போல நானும் கேட்டேன். ஆனால் இரண்டு பக்கமும் குடும்பங்களை இழுத்ததை என்னால் ரசிக்க முடியவில்லை.

இப்போது ஆல்பங்கள் ஏன் இவ்வளவு நீளம்?

காசுதான் பெரிய காரணம். 2014 டிசம்பரில் அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பம் பட்டியல் ஸ்ட்ரீமிங்கையும் கணக்கில் சேர்க்க ஆரம்பித்தது: 1500 ஸ்ட்ரீம் சேர்ந்தால் ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமம் என்றது. அப்புறம் என்ன? 10 பாட்டு உள்ள ஆல்பத்தை ஒருவர் முழுசாகக் கேட்டால் 10 ஸ்ட்ரீம், 25 பாட்டு இருந்தால் 25. நீளமாக்கினால் பட்டியலில் மேலே போகலாம் என்றானதும் நீளமாக்கினார்கள்.

2018-இன் நடுவில் ஐந்தாறு வாரங்களுக்குள் மூன்று ஆல்பங்கள் வந்தன. டிரேக்கின் 'ஸ்கார்பியன்' 25 பாட்டு, கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். புஷா டி-யின் 'டேட்டோனா' 7 பாட்டு, 21 நிமிடம். டியெரா வேக்கின் 'வேக் வேர்ல்ட்' 15 பாட்டு, ஒவ்வொன்றும் ஒரே ஒரு நிமிடம், மொத்தமே கால் மணி நேரம். 'ஸ்கார்பியன்' ஆல்பத்தில் நல்ல பாட்டுகள் உண்டு, ஆனால் அவற்றைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. 'டேட்டோனா'வில் ஒரு வரியைக்கூட நீக்க முடியாது. 'வேக் வேர்ல்ட்' இன்னும் துணிச்சலானது. ஒரு பாட்டு பிடித்துப்போகிற நேரத்தில் பட்டென்று வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஏக்கத்தோடு நம்மை விட்டுவிடத் தெரிந்தவர்.

நீளமே கூடாது என்று சொல்லவில்லை. 'பட்டர்ஃபிளை' 80 நிமிடத்தை நெருங்குகிறது, ஒரு நிமிடமும் வீண் இல்லை. கேட்கிறவரின் நேரத்தை எதற்காகக் கேட்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

மற்றவர் பாட்டை வெட்டி ஒட்டி பீட் செய்வது திருட்டு இல்லையா?

அனுமதி வாங்காமல், காசு கொடுக்காமல் எடுத்தால் சட்டப்படி தப்பு. 1991-இல் ராப்பர் பிஸ் மார்க்கி தொடர்பான வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சாம்பிளுக்கும், அதாவது வெட்டி எடுக்கும் ஒவ்வொரு துண்டுக்கும், உரிமை வாங்க வேண்டிய கட்டாயம் வந்தது. பழைய இசைக்காரர்களுக்குக் காசு போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது கலை இல்லை, வெறும் திருட்டு என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டி லா சோல் 1989-இல் வெளியிட்ட 'த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' கேட்டுப் பாருங்கள். குழந்தைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் டிவி கார்ட்டூன் பாட்டு முதல் ஃபங்க், ராக், கன்ட்ரி வரை எங்கெங்கோ இருந்து எடுத்த துண்டுகள். அவற்றை அடுக்கிய விதத்தில் இருக்கும் குறும்பு அந்த மூலப் பாட்டுகள் எதிலும் இல்லை. அந்தச் சாம்பிள் உரிமைச் சிக்கல்களால்தான் இந்த ஆல்பம் ஸ்ட்ரீமிங்கில் பல வருடம் வராமலே இருந்தது. 2023 மார்ச் 3-ஆம் தேதி ஒருவழியாக வந்தது. குழுவின் மூவரில் ஒருவரான ட்ருகாய் அதற்கு மூன்று வாரத்துக்கு முன்புதான் இறந்துபோனார். ஒரு தலைமுறையே கேட்காமல் போன ஆல்பம் அது என்று நினைத்தால் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

அடுத்து, புரொட்யூசர் ஜே டில்லாவின் 'டோனட்ஸ்'. ராப்பே கிடையாது, 31 சின்னச் சின்ன பீட்டுகள். 2006-இல் அவருடைய 32-ஆவது பிறந்தநாளன்று வெளியானது; மூன்றே நாளில் அவர் இறந்துவிட்டார். பழைய சோல் பாட்டில் இருந்து பாடகரின் ஒரு சொல்லை, சில நேரம் பாதிச் சொல்லை மட்டும் எடுத்து, அது அழுவதுபோலக் கேட்கும்வரை சுழல விடுகிறார். 'அவுட்ரோ' என்ற முடிவுரையில் ஆல்பம் தொடங்கி, ஒரு முன்னுரையில் முடிகிறது. முடிவு அப்படியே ஆரம்பத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். முடியாத ஓர் ஆல்பத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஸ்கிட்டுகளை, அதாவது பாட்டுகளுக்கு நடுவே வரும் சின்னப் பேச்சு நாடகங்களை, தாண்டிவிடலாமா?

முதல் தடவை வேண்டாம். அதன் பிறகு உங்கள் இஷ்டம். 90-களின் பல ஆல்பங்களில் ஸ்கிட் இடத்தை அடைக்கிறது என்பது உண்மைதான்.

கெட்ட வார்த்தை, துப்பாக்கி, பெண்களைக் கேவலமாகப் பேசுவது. இதையெல்லாம் எப்படிச் சகித்துக்கொள்கிறீர்கள்?

மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டக் கூடாது. கெட்ட வார்த்தை எனக்குப் பெரிய விஷயமே இல்லை. துப்பாக்கியைப் பொறுத்தவரை யார், எதற்காகப் பேசுகிறார்கள் என்று பார்ப்பேன். துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவரிடம் அதைப் பற்றிப் பேசாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

பெண்களைப் பேசும் விதம் வேறு. அங்கே எனக்குச் சமாதானம் கிடையாது. நான் கொண்டாடும் ஆல்பங்கள் சிலவற்றிலும் அந்தக் கறை இருக்கிறது, அந்தப் பாட்டு வரும்போது தாண்டிவிடுவேன். அந்தக் காலம் அப்படி என்று பூசி மெழுக விருப்பமில்லை. அதே காலத்தில்தான் லாரின் ஹில்லும் மிஸ்ஸி எலியட்டும் இருந்தார்கள். பெண் ராப்பர்களை அதிகம் கேளுங்கள் என்றும் சொல்வேன். லண்டனைச் சேர்ந்த லிட்டில் சிம்ஸின் 'சம்டைம்ஸ் ஐ மைட் பி இன்ட்ரோவர்ட்' 2022-இல் பிரிட்டனின் மெர்குரி இசைப் பரிசு வாங்கியது. பெரிய ஆர்கெஸ்ட்ரா முழங்கும். நடுவில் அவர் குரலை உயர்த்தாமல் தன் அப்பாவைப் பற்றிப் பேசுவார். அமெரிக்காவில் டோச்சி 2025-இல் சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி வாங்கினார். அந்த விருதைப் பெற்ற மூன்றாவது பெண் அவர். இத்தனை வருடத்தில் மூன்றே பேர்!

ஆட்டோட்யூன் ஏமாற்று வேலைதானே?

பாடும் குரலின் சுருதியைத் திருத்தும் மென்பொருள் அது; சுருதி விலகுவதை மறைக்கத்தான் வந்தது. ஆனால் கான்யே வெஸ்ட்டின் '808ஸ் அண்ட் ஹார்ட்பிரேக்' எதையும் மறைக்கவில்லை. 2007-இல் அவருடைய அம்மா இறந்தார், 2008-இல் நிச்சயித்திருந்த திருமணமும் முறிந்தது. அந்த வருட இறுதியில் வந்த ஆல்பம் அது. துக்கத்தில் இருக்கிற மனிதன் தன் குரலை ஒரு இயந்திரத்துக்குள் வைத்துப் பேசுகிறான். அந்தக் குளிர்ச்சிதான் அதன் உணர்ச்சி. இன்று பாதிப் பாட்டு, பாதி ராப் என்று உருகும் ஆண்கள் பலரும் அந்தக் கதவு வழியாக வந்தவர்கள்தான்.

பின்னாளில் யூதர்களைப் பற்றி அவர் பேசியவை அருவருப்பானவை. அதற்குப் பிறகு வந்த அவருடைய ஆல்பங்களை நான் கேட்பதில்லை. பழையதைக் கேட்கும்போதும் பழைய சந்தோஷம் இல்லை.

ஹிப்-ஹாப் தவிர வேறு ஏதாவது கேட்பீர்களா?

கேட்பேன். ஃபிராங்க் ஓஷனின் 'பிளாண்ட்' 2016-இல் வந்தது. ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) வகை என்பார்கள், ஆனால் பல பாட்டுகளில் டிரம்ஸ் இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும். ஒரு மணி நேர ஆல்பம். அதன் சரிபாதியில், ஒரு பாட்டின் நடுவிலேயே, கிட்டார் ஒன்று பிய்த்துக்கொண்டு எழுந்து நிற்க, எல்லாம் இருட்டாக வேறு பாட்டாக மாறிவிடும். பகல் முடிந்து இரவு தொடங்குகிறது. பாட்டுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்பவர்களுக்கு இது கிடைக்காது.

பில்லி ஐலிஷின் முதல் ஆல்பத்தை அண்ணன் ஃபினியஸோடு வீட்டுப் படுக்கையறையில் பதிவு செய்தார்கள். அந்த அறையின் நெருக்கம் குரலில் அப்படியே இருக்கிறது. பியான்சேயின் 'கௌபாய் கார்ட்டர்' 27 ட்ராக். நாலைந்தை நீக்கியிருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் 1969-இல் கன்ட்ரி இசையின் புகழ்பெற்ற மேடையான கிராண்ட் ஓல் ஓப்ரியில் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண்ணான லிண்டா மார்ட்டெலை அழைத்து அதில் பேச வைத்தாரே, அதற்காகவே அந்த ஆல்பத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை.

ஆண்ட்ரே 3000 ராப்பை விட்டுப் புல்லாங்குழல் ஊதியது பிடித்ததா?

பிடித்தது. 2023-இல் வந்த 'நியூ ப்ளூ சன்' ஆல்பத்தில் ஒரு வரி ராப் கிடையாது. அவருடைய அவுட்காஸ்ட் குழுவின் ரசிகனாக அவர் ராப்புக்கு ஏங்குகிறேன், உண்மை. ஆனால் சொல்ல ஒன்றும் இல்லாதபோது பேசாமல் இருப்பதும் நேர்மைதான்.

பாட்டுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்டால் என்ன கெட்டுப்போகிறது?

மேலே சொன்ன எல்லாமே. 2021-இல் பாடகி அடெல் கேட்டுக்கொண்ட பிறகு, ஸ்பாட்டிஃபை ஆல்பம் பக்கங்களில் பெரிய பொத்தானை வரிசையாக ஒலிக்கும்படி மாற்றியது. நன்றி அவருக்கு.

சமீபத்தில் எது பிடித்தது?

2025 ஜூலையில் வந்த கிளிப்ஸின் 'லெட் காட் சார்ட் எம் அவுட்'. புஷா டி, மாலிஸ் என்ற அண்ணன் தம்பி இருவரும் 16 வருடம் கழித்துச் சேர்ந்து செய்த ஆல்பம். முழுக்க ஃபரெல் வில்லியம்ஸின் பீட்டுகள். முதல் பாட்டே பெற்றோரின் மரணத்தைப் பற்றியது. தம்பி அம்மாவைப் பற்றிப் பேசுகிறார். கடைசியாகப் பார்த்தபோது அவர் சொன்னதன் அர்த்தம் தனக்கு அப்போது புரியவில்லையே என்கிறார். அண்ணன் அப்பாவைப் பற்றிப் பேசுகிறார். அவரை வீட்டில் கண்டெடுத்தது இவர்தான். மிடுக்குக்கும் திமிருக்கும் பேர்போன இருவர் ஆல்பத்தின் கதவை இப்படித் திறக்கிறார்கள். அடுத்த பாட்டிலேயே பழைய திமிர் திரும்பி வந்துவிடும். ஆனால் முதல் பாட்டைக் கேட்ட காதுக்கு அந்தத் திமிர் வேறு மாதிரிக் கேட்கும். முதல் பாட்டைத் தாண்டிவிட்டு அந்த ஆல்பத்தைக் கேட்காதீர்கள்.